பூ என்றால் நண்டு

எழுபத்தோராம் நிமிடம் என்னை உள்ளே அனுப்பினார்கள்.
சோன்புரியில் மழை.
பலகையில் என் எண் பச்சையாக எரிந்ததும்
தொண்டையில் உப்புக் கரித்தது.
பாம்பன் தெற்குவாடியிலிருந்து
அந்த நீலச் சட்டைவரை வந்துசேர ஒன்பது வருஷம்.
சட்டைக்குள் நான் இருந்தது இருபத்து மூன்று நிமிஷம்,
நடுவர் கூட்டிக்கொடுத்த நாலையும் சேர்த்து.

ஒன்பதாம் நம்பரை விட்டுவிடாதே என்றார்கள்.
ஒல்லி. புருவத்துக்கு மேலே ஒரு பிளாஸ்திரி.
பந்து அவள் பக்கம் உருளும்போதெல்லாம்
அவளுடைய ஆட்கள் கத்தினார்கள்:
"பூ! பூ!"
இத்தனை தூரத்தில் தமிழில் யார் கூப்பிடுவது என்று
அரைக்கண் திரும்பினேன்.
அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

முன்னால் வருவாள் என்று நின்றேன்.
பக்கவாட்டில் போனாள்.
வத்தத்தில், ஈரமணலில் விரட்டும்போது
வளை இருக்கும் திசைக்கு முகமே காட்டாமல்
ஓடுமே,
அப்படி.
நான் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெறித்தது.
எங்கள் வீட்டில் வலையில் ஏதாவது விழுந்தால்
அன்றைக்குக் கடைக்கடன் தீரும்.
வலையில் விழுந்ததற்காக நான் அழுதது
அன்று மட்டும்தான்.

பேருந்தில் மொழிபெயர்ப்புக்கு வந்த பையன் சொன்னான்:
அவர்கள் பாஷையில் பூ என்றால் நண்டு.
வீட்டில் கூப்பிடும் பெயராம்.
முழுப்பெயர் பலகையில் பாதிக்குமேல் அடங்கவில்லை.

அப்புறம் என் முழங்கால்.
அப்புறம் மண்டபம் நண்டுக் கம்பெனி, எடைப் பிரிவு.
ஐந்தரைக்கு வேன்.
ஓலைக்கால் தனி, முக்கண்ணு தனி,
சினை இருந்தால் சீட்டில் சிவப்புக் கோடு.
பெருவிரல் வாடை சோப்புக்குப் போகாது.
அந்த விரலால்தான் ராத்திரி போனில் அவளைத் தேடுவேன்.

ஹனோயில் இரண்டு போட்டாள்.
தாஷ்கண்டில் தலையால் ஒன்று, பனியில்.
அம்மானில் பெனால்டியை வானத்துக்கு அடித்தாள்.
பொய் சொல்ல மாட்டேன்,
அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.
ஒருமுறை பதினாலு மாதம் பட்டியலில் பெயரே இல்லை.
முழங்கால் என்று போட்டிருந்தார்கள்.
எந்தக் கால் என்று போடவில்லை.
இடது என்று நானே வைத்துக்கொண்டேன்.
எனக்கு இடது.

நேற்று விடைபெற்றாள்.
அறுபத்து மூன்று ஆட்டம், இருபத்தொன்பது கோல்.
எல்லாவற்றையும் இரண்டு நிமிஷப் படமாக ஒட்டியிருந்தார்கள்.
சோற்றுவேளையில் ஹிதாயா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
பதினேழாவதில் மழை.
நீலச் சட்டை ஒன்று வழுக்கி உட்கார்ந்தது,
முகம் தெரியவில்லை.
"யாருக்கா அது, கறிச்சட்டி கவுந்தமாதிரி?"
"நான்தான்."

நம்பவில்லை. திரும்ப ஓட்டினாள்.
பிறகு செலஸ்டின் அக்கா வந்தாள்,
ஐஸ் உடைக்கும் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.
பதினோரு தடவை விழுந்தேன்.
கடைசித் தடவை கைதட்டினார்கள்,
அவளுக்கா எனக்கா
கேட்கவில்லை.

படகில் பங்கு பிரிக்கையில்
எஞ்சினுக்கு உண்டு, வலைக்கு உண்டு,
வாந்தி எடுத்துக்கொண்டே போய்வந்த
புதுப் பையனுக்கும் அரைப்பங்கு உண்டு.
கரையில் நின்றவருக்குத்தான் கிடையாது.
நான் போனவள்.
இருபத்தொன்பதில் பதினேழாவதை
என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன், பூ.
உன்னிடம் கேட்க மாட்டேன்.

மணி அடித்தது. உறையை மாட்டினேன்.
தராசுத் தட்டில் ஓலைக்கால் ஒன்று
கட்டு அவிழ்ந்து எழுந்து நின்றது.
இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.
இடப்பக்கம்தான் என்று கையை வைத்தேன்.

வலப்பக்கம் போனது.